ஆந்தையை அச்சடித்த ஊர்

மரமே முளைக்காத ஊர் அது. வடக்குக் கனடாவில், பாஃபின் தீவின் தென்முனையை ஒட்டிய ஒரு குட்டித் தீவு. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். ஏறக்குறைய 1,400 பேர் வசிக்கிறார்கள். சாலை வழியாகப் போய்ச் சேர முடியாது. சிறிய விமானம் உண்டு. கோடையில் கடல் உருகியதும் சரக்குக் கப்பல் வரும். கேப் டார்செட் என்று வெளியார் வைத்த பெயரை ஊர்க்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தித் தள்ளிவிட்டு, 2020 முதல் கின்கைட் என்ற தங்கள் பெயரையே அதிகாரபூர்வமாக்கிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கும் காகிதத்துக்கும் சம்பந்தமே இருக்க நியாயமில்லை. ஆனால் 1959 தொடங்கி, ஏறக்குறைய ஆண்டு தவறாமல், இங்கிருந்து ஓர் அச்சு ஓவியத் தொகுப்பு வெளியாகிக்கொண்டிருக்கிறது. கனடாவின் பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் இந்த ஊர் இருக்கிறது. கனடா தன் 150-ஆவது ஆண்டுக்காக 2017-இல் 4 கோடி நினைவு நோட்டுகளை அடித்தபோது, அந்த 10 டாலர் தாளிலும் இந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் வரைந்த ஆந்தை ஏறியது.

இந்த ஊர்க்காரர்கள் இனுயிட் எனும் வடதுருவப் பழங்குடி மக்கள். இனுயிட் அச்சு ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘தொன்மை’, ‘ஆதிக்கலை’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். விற்பவர்களுக்கும் அது வசதி. உண்மை வேறு. இந்தக் கலைக்கு வயது எழுபதுகூட ஆகவில்லை. அது எந்தக் குளிர்காலத்தில், யார் யாருக்கிடையே நடந்த எந்தப் பேச்சில் பிறந்தது என்பதுகூடத் தெரியும். அதற்கு முன் இம்மக்கள் தந்தத்தில் கீறினார்கள், கல்லைச் செதுக்கினார்கள், தோலை வெட்டி வெட்டித் தைத்து உடையில் உருவங்கள் அமைத்தார்கள். காகிதத்தில் மை ஒற்றி எடுக்கும் வேலை அவர்களுக்குப் புத்தம் புதிது. பிழைப்புக்காகத் தொடங்கிய ஒரு புதுத் தொழிலை ஒரே தலைமுறைக்குள் உலகத் தரக் கலையாக்கிக் காட்டினார்கள் என்பதுதான் இந்த ஊரின் பெருமை. தொன்மைப் பூச்சு அதை மறைக்கத்தான் உதவுகிறது.

நரித்தோல் விலை விழுந்தது

பிழைப்பு எப்படிக் கெட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இனுயிட் குடும்பங்கள் நிலத்தில் பரவிக் கிடந்த சிறு முகாம்களில் வாழ்ந்தன. சீல் எனும் கடல்நாய், வால்ரஸ், கரிபு மான் ஆகியவற்றை வேட்டையாடி உண்டார்கள். வெள்ளை நரியின் தோலை ஹட்சன் பே கம்பெனியின் கடையில் கொடுத்து மாவு, தேயிலை, தோட்டா வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நரித்தோல் விலை சரிந்தது. கம்பெனியின் சரக்குக் கப்பலான ‘நாஸ்கோபி’ 1947-இல் இதே கேப் டார்செட் அருகே பாறையில் மோதி மூழ்கியது. கூடவே காசநோய். 1950-களின் நடுவில் இனுயிட் மக்களில் ஏழில் ஒருவர் தெற்கே, பேச்சு புரியாத நகரங்களின் மருத்துவமனைகளில் படுத்திருந்தார் என்கிறார்கள். அரசு ஆவணங்களில் அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆளுக்கொரு வட்டத் தகடு, அதில் ஓர் எண். ‘ஈ’ என்று தொடங்கினால் கிழக்குப் பகுதி ஆள் என்று பொருள்.

இந்தச் சூழலுக்குள் வந்தவர் ஜேம்ஸ் ஹூஸ்டன். கனடாக்காரர், ஓவியர், போரில் பணியாற்றித் திரும்பியவர். 1948-இல் படம் வரைய வடக்கே போனவர், ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இனுக்ஜுவாக் என்ற ஊரில் சின்னச் சின்னக் கற்சிற்பங்களைப் பார்த்து அசந்துபோனார். சிலவற்றை மான்ட்ரியால் கைவினைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். 1949-இல் அங்கே நடந்த விற்பனையில் சிற்பங்கள் சில நாளிலேயே தீர்ந்துவிட்டன. பிறகு அரசே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1950-களின் நடுவில் கேப் டார்செட்டில் அவர் அரசு அதிகாரி.

சிகரெட் பெட்டியில் மாலுமி

1957 குளிர்காலம். ஹூஸ்டனோடு உட்கார்ந்திருந்தவர் ஒசுய்டோக் இப்பீலி, ஊரின் தலைசிறந்த சிற்பி. எதிரே இரண்டு சிகரெட் பெட்டிகள். இரண்டிலும் தாடிவைத்த அதே மாலுமியின் தலை. ஒசுய்டோக் இரண்டையும் மாறி மாறி உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே தலையை யாரோ உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று கேட்டாராம்.

அச்சு என்றால் என்னவென்று விளக்குமளவுக்கு ஹூஸ்டனுக்கு அவர்கள் மொழி வரவில்லை. ஒசுய்டோக் அண்மையில் கீறல் வேலை செய்து வைத்திருந்த ஒரு வால்ரஸ் தந்தத்தை ஹூஸ்டன் எடுத்தார். மையைத் தடவினார். கழிவறைக் காகிதத்தை அதன்மேல் வைத்து அழுத்தி உரித்தார். கீறல் அப்படியே தாளில் இறங்கியிருந்தது. இது நம்மாலும் முடியுமே என்பதுதான் ஒசுய்டோக்கின் பதில்.

இது ஹூஸ்டன் பிற்காலத்தில் பலமுறை எழுதியும் பேசியும் பரப்பிய கதை. நல்ல கதைசொல்லி அவர். கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சோதனைகள் தொடங்கியதில் சந்தேகமில்லை. அரசுக் கட்டடங்களுக்கு வந்த லினோலியம் தரை ஓடுகளை வெட்டிப் பார்த்தார்கள். உள்ளூர்க் கல்லைத் தட்டையாகத் தேய்த்துச் செதுக்கிப் பார்த்தார்கள். முடி நீக்கிய சீல் தோலில் வடிவங்களை வெட்டி ஸ்டென்சில் ஆக்கினார்கள். இந்தத் தோல் ஸ்டென்சில் பெண்களுக்குக் கைவந்த வேலை. அம்மாக்களிடமிருந்து கற்ற தையல் வேலையில் தோலை உருவமாக வெட்டுவதுதானே பாதி.

1958 டிசம்பரில் முதல் சில அச்சுகள் வின்னிபெக் நகரிலுள்ள ஹட்சன் பே கடையில் விற்பனைக்கு வந்தன. அதே சமயத்தில் ஹூஸ்டன் ஜப்பானுக்குக் கிளம்பினார். அச்சுத் தொழிலைச் சரியாகக் கற்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அங்கே அவருக்கு ஆசான் உனிச்சி ஹிரட்சுகா, நவீன ஜப்பானிய மரக்கட்டை அச்சின் பெரிய பெயர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹிரட்சுகா எந்த இயக்கத்தின் முன்னோடியோ அதன் கொள்கை, வரைவது, செதுக்குவது, அச்சடிப்பது மூன்றையும் கலைஞன் ஒருவனே செய்ய வேண்டும் என்பது. அவரிடம் பாடம் கேட்டுத் திரும்பிய ஹூஸ்டன் கேப் டார்செட்டில் நிறுவியது அதற்கு நேர் எதிரான பழைய ஜப்பானிய முறையை. பழைய ஓவியர் ஹொகுசாய் காலத்தில் வரைபவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் இன்னொருவர், மை ஒற்றுபவர் மூன்றாமவர், பணம் போட்டு விற்பவர் வேறொருவர். கேப் டார்செட்டும் அப்படியே ஆனது. வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல் செதுக்கி அச்சடித்தவர்கள் ஆண்கள். தொடக்கக் கால அச்சாளர்கள் நான்கு பேரின் பெயரைச் சொல்லியாக வேண்டும்: கனாங்கினாக் பூட்டூகூக், ஐயோலா கிங்வாட்சியாக், லுக்டா கியாட்சுக், ஈஜிவுட்லுக் பூட்டூகூக். பணம் போட்டு விற்பவர் இடத்தில் மட்டும் வியாபாரி இல்லை. அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் உட்கார்ந்தது.

கல்லிலிருந்து தாளுக்கு

ஓர் அச்சு உருவாகும் விதத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

வரைபவர் வீட்டிலேயே வரைகிறார். பிள்ளைகள் சுற்றி ஓட, சமையல் மேசையிலோ கட்டிலிலோ தாளை விரித்துக்கொண்டு. முடிந்ததும் சங்கத்துக்குக் கொண்டுபோகிறார். சங்கம் அதை அங்கேயே பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. அச்சாகுமா ஆகாதா என்பது பிறகு. வாங்கிய நூற்றுக்கணக்கான ஓவியங்களிலிருந்து சில டஜன் மட்டுமே அந்த ஆண்டுத் தொகுப்புக்குத் தேர்வாகின்றன.

தேர்வான ஓவியம் அச்சாளர் கைக்கு வருகிறது. கல் பலகை முதலில் கண்ணாடி போலத் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்கும். ஓவியத்தை அதன்மேல் படியெடுத்துக் கோடுகளை மையால் உறுதிப்படுத்துகிறார். படத்துக்கு வெளியே உள்ள கல்லை உளியால் கொத்திப் பள்ளமாக்குகிறார். படம் மட்டும் மேட்டில் நிற்கிறது. ஆந்தையின் ஓர் இறகு நுனி தெறித்துவிட்டால் பலகையே வீண். கல்லை ஒட்டவைக்க முடியாது. பிறகு உருளையால் மை. சிவப்பு ஓரிடம், கறுப்பு ஓரிடம் என்று ஒரே கல்லில் பல வண்ணங்களைப் பக்கம் பக்கமாக ஏற்றுவார்கள். எல்லை கலங்கக் கூடாது. அதன்மேல் மெல்லிய ஜப்பானியத் தாள். எந்திர அழுத்தம் கிடையாது. தாளின் முதுகில் விரலாலும் சிறு தேய்ப்பானாலும் வட்ட வட்டமாகத் தேய்க்கிறார். மை தாளுக்குள் ஏறி, பின்பக்கம் நிழலாகத் தெரியத் தொடங்கும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, போதாத இடத்தில் மறுபடி தேய்த்து, மெதுவாக உரிக்கிறார்.

அடுத்த தாளுக்கு முதலிலிருந்து மை. இப்படி ஐம்பது தாள். ஐம்பது முடிந்ததும் கல்லில் உள்ள படத்தை அழித்துவிடுவார்கள், ஐம்பத்தொன்றாவது தாள் எப்போதும் வராது என்ற உத்தரவாதத்துக்காக. நல்ல கல் கிடைப்பது அரிது என்பதால் அதே பலகையைத் தேய்த்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவதும் உண்டு. தாளின் ஓரத்தில் ஜப்பானிய பாணியில் முத்திரைகள்: வரைந்தவருக்கு ஒன்று, அச்சடித்தவருக்கு ஒன்று, சங்கத்துக்குச் சிவப்பில் ஒரு இக்லூ.

அரசு ஏட்டில் எண்ணாக இருந்த மனிதர்கள் இந்தத் தாள்களிலும் ஆண்டுத் தொகுப்பின் அட்டவணையிலும் பெயரோடு நின்றார்கள். எண் தகடுகள் ஒழிந்து குடும்பப் பெயர்கள் பதிவாக இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

கெனோஜுவாக்

10 டாலர் நோட்டின் ஆந்தைக்குச் சொந்தக்காரர் கெனோஜுவாக் அஷெவாக். 1927-இல் பாஃபின் தீவின் தென்கரையில் ஒரு முகாமில், இக்லூவுக்குள் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே அப்பா கொலை செய்யப்பட்டார். பாட்டி வளர்த்தார்; தோல் தைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. பெரியவர்கள் பார்த்து ஜானிபோ என்ற வேட்டைக்காரருக்குக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளையைப் பெண்ணுக்கு முதலில் பிடிக்கவில்லை. கிட்ட வந்தால் கூழாங்கல்லை எடுத்து எறிவாராம். பிறகு பிடித்துப்போனது. ஜானிபோ இருந்தவரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள்.

1952-இல் கெனோஜுவாக்குக்குக் காசநோய் என்று தெரிந்தது. கியூபெக் நகர மருத்துவமனையில் மூன்று ஆண்டுக்கும் மேல் இருந்தார். அந்த இடைவெளியில் ஊரில் அவருடைய பிள்ளைகள் இருவர் இறந்துபோனார்கள். 1955-இல் திரும்பியபோது கையில் இருந்தது மருத்துவமனையில் கற்ற மணிவேலையும் பொம்மை வேலையும். ஹூஸ்டனும் அவர் மனைவி அல்மாவும் கைவேலைப் பொருள்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கெனோஜுவாக் கொண்டுவந்த ஒரு சீல் தோல் பையில் வெட்டி ஒட்டிய உருவம் ஒன்று இருந்தது. கடற்பாசி தின்னும் முயல். அதுவே ஸ்டென்சிலாகி 1959 தொகுப்பில் அவருடைய முதல் அச்சாக வந்தது.

அடுத்த ஆண்டு ‘மந்திர ஆந்தை’. படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நேர் பார்வையில் வட்ட முகம், விரிந்த பெரிய கண்கள், புள்ளி போட்ட உடல். தலையிலிருந்து நீள நீளமான இறகுகள் கதிர்போலக் கிளம்புகின்றன. வால் மறுபக்கம் அதே வேகத்தில் மேலே சுழன்று எழுகிறது. பின்னணி என்று ஒன்றுமே கிடையாது, வெறும் தாள். அந்த வெறுமை இல்லாமல் அந்தப் பறவைக்கு அவ்வளவு வெளிச்சம் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். ஐம்பது பிரதிகளில் சிலவற்றுக்குச் சிவப்பு வால், சிலவற்றுக்குப் பச்சை வால்.

இதற்குள் ஷாமன் எனும் மந்திரப் பூசாரிகளின் இரகசியமும் ஆவிகளின் நடமாட்டமும் இருப்பதாக விமர்சகர்கள் ஏராளமாக எழுதினார்கள். கெனோஜுவாக் பேட்டிகளில் அதற்கெல்லாம் பிடி கொடுத்ததில்லை. முன்கூட்டித் திட்டமிடுவதில்லை, ஓரிடத்தில் ஆரம்பித்து அழகாகத் தோன்றும் பக்கம் கோட்டைக் கொண்டுபோகிறேன், பார்க்க அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்ற பொருளிலேயே சொல்லிவந்தார். வரைந்தவர் சொன்னதை நம்பினால் என்ன குறைந்துபோகும் என்று எனக்குப் புரியவில்லை.

1963-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியம் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தது. ஜான் ஃபீனி இயக்கிய அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. படத்துக்காகக் கெனோஜுவாக்குக்குக் கிடைத்த பணத்தில் ஜானிபோ சொந்தமாக ஒரு படகு வாங்கி, அடுத்தவர் படகை நம்பாமல் வேட்டைக்குப் போகத் தொடங்கினார். வரைதல் இந்த ஊருக்கு என்ன செய்தது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். 1967-இல் ‘ஆர்டர் ஆஃப் கனடா’ விருது தொடங்கப்பட்டபோது அதைப் பெற்ற முதல் அணியில் கெனோஜுவாக் இருந்தார். 1970-இல் மந்திர ஆந்தை அஞ்சல்தலை ஆனது. 2013-இல், 85 வயதில் ஊரிலேயே காலமானார்.

மந்திர ஆந்தையின் விலைக் கதையையும் சொல்லிவிடலாம். முதலில் விற்றது 24 டாலருக்கு. 2001-இல் ஒரு பிரதி 58,000 டாலருக்கு மேல் போனது. 2018-இல் டொரான்டோ ஏலத்தில் இன்னொரு பிரதி 2,16,000 கனடிய டாலர். கனடாவில் அச்சு ஓவியம் ஒன்றுக்கு அதுவரை அப்படியொரு விலை கேட்டதில்லை. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு தரும் சட்டம் பிரான்ஸ், பிரிட்டன் உள்படப் பல நாடுகளில் இருக்கிறது. கனடாவில் அப்போது இல்லை. ஆகவே இந்த ஏற்றத்தில் கெனோஜுவாக் குடும்பத்துக்குச் சட்டப்படி வர வேண்டியது பூஜ்யம். கனடியக் கலைஞர் சங்கங்கள் இந்தச் சட்டத்துக்காகப் போராடும்போது முதல் உதாரணமாக இந்த ஆந்தையைத்தான் காட்டிவந்தன.

சங்கம்

1959-இல் பதிவான சங்கத்தின் பெயர் ‘மேற்கு பாஃபின் எஸ்கிமோ கூட்டுறவு’. எஸ்கிமோ என்ற சொல்லை இன்று இம்மக்கள் ஏற்பதில்லை. அன்று அரசாங்க வழக்கு அது. பங்குதாரர்கள் ஊர் மக்களே. முதல் தலைவர் அச்சாளர் கனாங்கினாக். நம் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலை போலவே மளிகைக் கடை, எரிபொருள் விநியோகம் என்று எல்லாவற்றிலும் கை வைத்த சங்கம். ஓவியத்தில் லாபம் குறைந்த ஆண்டில் மற்ற வரவு தாங்கிப் பிடிக்கும்.

ஹூஸ்டன் 1962-இல் நியூயார்க்குக்குப் போய்விட்டார். அவரோடு இது முடிந்திருக்க வேண்டும். வெளியாள் ஆரம்பித்துவைத்த திட்டங்களின் வழக்கமான தலைவிதி அதுதான். முடியாததற்குக் காரணம் சங்கம் ஊராருடையது என்பது ஒன்று. இன்னொன்று, 1960-இல் இளம் ஓவியராக வந்து சேர்ந்த டெர்ரி ரயன். அவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டு அங்கேயே சங்கத்தை நிர்வகித்தார். ஓவியம் நன்றாக இருக்கிறதோ இல்லையோ, கொண்டுவருபவரிடம் வாங்கிக்கொள்வது என்ற வழக்கத்தை விடாமல் காத்தார். அப்படிச் சேர்ந்த பல்லாயிரக்கணக்கான ஓவியங்கள் இன்று டொரான்டோவுக்கு அருகே மெக்மைக்கேல் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செப்புத்தகட்டுக் கீறல், லித்தோகிராஃப் என்று புதிய முறைகள் வந்ததும் அவர் காலத்தில்தான்.

எல்லாரிடமும் வாங்குவது என்ற அந்த வழக்கம் இல்லாவிட்டால் பார் என்ற கிழவர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். உறைபனியில் பாதத்தை இழந்து வேட்டைக்குப் போக முடியாமல் முடங்கியவர். அறுபத்தெட்டு வயதில், 1961-இல், பென்சிலை எடுத்தார். 1969-இல் இறக்கும் வரை எட்டே ஆண்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள். மனிதர்கள், நாய்கள், வால்ரஸ்கள் எல்லாம் குழந்தைக் கோட்டில், ஆனால் வேட்டைக்காரனின் கண்ணோடு.

சங்கத்துக்கு வெளியே அதிகாரம் வேறு இடத்தில் இருந்தது. 1961-இல் ஒட்டாவாவில் ஒரு கலைக் குழு அமைக்கப்பட்டது. தெற்கத்திய நிபுணர்கள். ஒவ்வோர் ஆண்டுத் தொகுப்பும் அவர்கள் பார்வைக்குப் போய் ஒப்புதல் முத்திரை பெற வேண்டும். போலிகள் நுழையாமலும் தரம் சரியாமலும் அந்தக் குழு காத்தது உண்மை. எது ‘உண்மையான இனுயிட் கலை’ என்று இனுயிட் அல்லாதவர்கள் முடிவு செய்ததும் உண்மை. 1989-இல் அது கலைந்தது. சந்தையின் ருசி மட்டும் கலையவில்லை. ஆந்தை, பனிக்கரடி, பழங்கால முகாம் வாழ்க்கை என்றே கேட்டுக்கொண்டிருந்தது.

கேப் டார்செட்டைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. புவிர்னிடூக், உலுக்ஹாக்டோக் ஊர்களில் 1960-களில், கத்தோலிக்கப் பாதிரியார்களின் தூண்டுதலில். பாங்னிர்டுங்கில் 1973-இல், அங்கே பட்டறை 1994-இல் தீக்கிரையாகியும் மீண்டது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊரான பேக்கர் லேக் தனிக் கட்டுரைக்கு உரியது. அங்கே வாழ்ந்த ஜெஸ்ஸி ஊனார்க், 1958-இல் கரிபு மான்கள் வராமல் முகாம்கள் பட்டினியில் விழுந்த காலத்தில் ஊருக்குக் கொண்டுவரப்பட்டவர். ஐம்பதைத் தாண்டிய வயதில் வரையத் தொடங்கினார். அவர் ஓவியங்கள் எவ்வளவு பிடித்திருந்தால் கேப் டார்செட் சங்கம் வெளியூர்க்காரியான அவருக்குத் தன் 1960 தொகுப்பில் இடம் கொடுத்திருக்கும்! அவர் பிள்ளைகளும் பெயர்பெற்ற கலைஞர்கள் ஆனார்கள்.

பாட்டி, மகள், பேத்தி

கின்கைட்டின் கதையை ஒரே குடும்பத்தை வைத்தும் சொல்ல முடியும்.

பாட்டி பிட்சியோலாக் அஷூனா. 1904 வாக்கில் பிறந்தவர். வேட்டைக்காரக் கணவர் நோயில் இறந்தபின் பிள்ளைகளோடு வறுமையில் அல்லாடினார். தையல் வேலை விற்றுக்கொண்டிருந்தவர், அச்சு ஓவியம் என்று ஒன்று வந்திருப்பதையும் அதற்குப் பணம் தருகிறார்கள் என்பதையும் அறிந்து தானும் வரைந்தார். பழைய முகாம் வாழ்க்கை அவருடைய பொருள்: தோல் கூடாரங்கள், இடம்பெயரும் குடும்பங்கள், மீன்பிடி, அம்மாக்களின் முதுகுத் தொப்பியில் குழந்தைகள். ஏழாயிரத்துக்கும் மேல் வரைந்தார். 1971-இல் அவருடைய வாழ்க்கைக் கதை, அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஓவியங்களோடு நூலாக வந்தது. 1983-இல் மறைந்தார்.

மகள் நாபாச்சி பூட்டூகூக். அம்மா வரையாமல் விட்டதை அவர் வரைந்தார்: பெண்களை வற்புறுத்திக் கட்டிவைத்தது, அடி உதை, பசி. 2002-இல் இறந்தார்.

பேத்தி ஆனி பூட்டூகூக், 1969-இல் பிறந்தவர். அவர் ஓவியங்களில் ஆந்தையே கிடையாது. மெல்லிய பேனாவும் வண்ணப் பென்சிலும் கொண்டு, தன் ஊர் வீட்டின் உள்ளறையை வரைந்தார். சுவரில் கடிகாரம், அலமாரியில் பிஸ்கட் பொட்டலம், தரையில் அட்டை விரித்து அதன்மேல் சீல் இறைச்சியை அறுத்துத் தின்னும் குடும்பம், எதிரே ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. ஏ.டி.எம். எந்திரத்தின் முன் நிற்கும் பெண். கட்டையை ஓங்கும் ஆண், கட்டிலில் ஒடுங்கும் பெண். பெட்டியின் ஓரம், மின்கம்பியின் வளைவு எதையும் விடமாட்டார். எல்லாம் ஒரே நிதானத்தில், குரலை உயர்த்தாமல்.

கனடாவின் ‘சோபி’ கலைப் பரிசு 2006-இல் அவருக்குக் கிடைத்தது. 50,000 டாலர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் இனுயிட் கலைஞர். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் காஸெல் நகரில் நடக்கும் டாகுமென்டா கண்காட்சிக்கு அழைப்பு. பிறகு ஊரை விட்டு ஒட்டாவாவுக்குக் குடிபோனார். குடி, வீடின்மை, தெருவோரம் உட்கார்ந்து சிகரெட் விலைக்குப் படம் விற்ற நாட்கள். 2016 செப்டம்பரில் ரிடோ ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். 47 வயது. சாவு குறித்து விசாரணை நடக்கும்போதே ஒட்டாவா காவல்துறை அதிகாரி ஒருவர் இனுயிட்டுகளை இழிவுபடுத்தி இணையத்தில் எழுதி, துறை நடவடிக்கைக்கு ஆளானார். விருது மேடையில் கொண்டாடிய நாடு தெருவில் அவரை அடையாளம் காணவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

ஆனி திறந்த வாசல் மூடவில்லை. அவருடைய உறவினரான ஷூவினாய் அஷூனா, பிட்சியோலாக்கின் இன்னொரு பேத்தி, பூமிப்பந்துகளும் கடல்ராட்சசர்களும் ஊர்க்காரர்களும் ஒரே தாளில் கூடிப் பழகும் விசித்திரங்களை வரைகிறார். 2022 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் நடுவர் குழுவின் சிறப்புக் குறிப்பு அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன் 2017-இல் அதே வெனிஸ் முதன்மைக் கண்காட்சியில், காலமான கனாங்கினாக்கின் ஓவியங்கள் வைக்கப்பட்டன. ஆரம்பத்தில் மற்றவர்கள் வரைந்ததைக் கல்லில் கொத்திக்கொண்டிருந்தவர் அவர். 2018-இல் ஊரில் கெனோஜுவாக் பெயரில் பண்பாட்டு மையமும் புதிய அச்சுப் பட்டறையும் திறந்தன. பழைய நெருக்கடியான கொட்டகைகளிலிருந்து அச்சாளர்கள் அங்கே இடம் மாறினார்கள்.

மெக்மைக்கேல் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள கின்கைட் ஓவியங்களை வருடி இணையத்தில் ஏற்றிவருகிறது. பார்க்கக் கட்டணம் இல்லை. மந்திர ஆந்தையைத் தேடுவீர்கள், தேடத்தான் வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல் ஆனியின் டி.வி. அறையையும் பாரின் வால்ரஸ்களையும் தேடிப் பாருங்கள். அச்சு ஓவியம் என்றால் வரைந்தவர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சாளர் பெயரும் இருக்கும். அதையும் படித்துவிட்டு நகருங்கள்.